அரிசிப் பையும் அல்பிரட் அங்கிளின் கிட்டாரும்

கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் கிட்டாரின் சத்தத்தைப் பற்றி அதிகம் கதைப்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. இதை நான் ஆதாரத்தோடு சொல்கிறேன். ஆதாரம் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிரதேச செயலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருந்தேன். (கோப்புக்கு நம்பர் போட்டு அலுமாரியில் வைப்பதும், யாராவது அந்தக் கோப்பைக் கேட்டு வந்தால் பூட்டிய அலுமாரியின் திறப்பைத் தேடுவதும் என் கடமைகள்.) மிச்ச நேரம் முழுக்க நான் கிட்டார் அறிஞன். எந்த மேடையிலும் ஏறியவன் இல்லை. ஏழு கோர்ட்ஸ் பிடிக்கத் தெரியும். அதிலும் ஒன்று விரல் சரியாக விழுந்தால்தான் சத்தம் போடும், விழாவிட்டால் இருமும். ஆனால் வெள்ளைக்காரர்கள் பழைய கிட்டார்களை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பெருமூச்சு விடும் யூடியூப் வீடியோக்களை நான் பார்த்த அளவுக்கு இந்த மாவட்டத்தில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

அந்த வீடியோக்களில் இருந்து நான் பொறுக்கிக்கொண்டது ஒரே ஒரு சொல். டோன். கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் யார் கிட்டாரைத் தொட்டாலும் நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து "டோன் காணாது" என்பேன். புதுக் கிட்டார் வாங்கியவனிடம் போய், பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்குப் போனவனைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வருவேன். பக்கத்து வளவில் இருக்கும் என் அக்கா சுபா, குக்கர் விசிலடித்தால் "தம்பி, இந்த டோன் காணுமா, இன்னுமொண்டு விடவா?" என்று கேட்பாள். அதையும் நான் ஒரு ரசிகையின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

அல்பிரட் அங்கிள் வீட்டுக்கு நான் முதல் தரம் போனது அந்த அக்காவின் ஜன்னலுக்காக. அங்கிள் தச்சு வேலை செய்யும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். சுனாமிக்கு முன்னால் கடலோரத்தில் இருந்தவர், பிறகு தன்னாமுனைக்குக் குடிவந்துவிட்டார். நான் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சாறத்தை மாற்றிக்கொண்டு, மனிசர் முன் அறையில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்.

அது நாம் வழக்கமாகப் பார்க்கிற கிட்டார் இல்லை. வழக்கமான கிட்டாரின் முகம் தட்டைப் பலகை, நடுவில் ஒரு வட்ட ஓட்டை. இதன் முகமோ வயலினைப் போல மேடாகச் செதுக்கியது. வட்ட ஓட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் வளைந்து நெளிந்த இரண்டு நீளத் துவாரங்கள். நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருத்துக்கொண்டே போய் விளிம்பில் முழுக் கறுப்பு. ஆர்ச்டொப் என்று சொல்வார்கள். அங்கிளின் தகப்பனார் கொழும்பில் ஹோட்டல் பாண்டில் வாசித்த காலத்தில் வாங்கியதாம். அறுபது வருடத்துக்கு மேல். உப்புக் காற்று எங்கள் ஊரில் கேற்றுக் கொண்டியையே தின்றுவிடும், ஆனால் இந்தக் கிட்டாரில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. சூறாவளிக்குக் கட்டிலுக்குக் கீழே இருந்ததாம். கலவரத்துக்குக் கோயிலில் இருந்ததாம். சுனாமி வந்த அன்று அங்கிளின் தோளில் இருந்ததாம், வீட்டில் வேறு ஒன்றும் மிஞ்சவில்லையாம்.

சத்தத்தை எப்படிச் சொல்வது? தட்டைக் கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டினால் அந்தச் சத்தம் இழுபட்டுக்கொண்டே கிடக்கும், அடுத்ததைத் தட்டும்போது முந்தியது இன்னும் போயிருக்காது. இது அப்படி இல்லை. தட்டிய உடனே முழுச் சத்தமும் முன்னால் வந்து நிற்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் அடித்தாலும் ஆறும் தனித்தனியாகக் காதில் விழும். தடித்த கம்பிகளில் மரத்தின் கனம், மெல்லிய கம்பிகளில் நன்றாகக் காய்ந்த ஒரு கூர்மை. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஆனால் அடுத்த அறையில் ஆட்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோதும் அது தனியாகக் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அது மிகவும் குறைவாக நடக்கும் விடயம்.

அப்படியே மூடிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. நான் வாயைத் திறந்தேன். "அங்கிள், இதுட டோன்..." என்று ஆரம்பித்து, அந்த வீடியோக்களில் கேட்ட அத்தனையையும் அவர் மேல் கொட்டினேன். மனிசர் பாவம், நல்லவர். என்னை விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம், அநேகமான ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய் உட்கார்ந்து, அவர் வாசிக்க, நான் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டேன். அக்காவின் ஜன்னல் எப்போதோ போட்டு முடிந்திருந்தது.

பிறகு அங்கிளின் ஒரே மகள் ஷெரினுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளைக்கு இத்தாலியில் வேலை. சனிக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை இருவருக்கும் பிளைட். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கிள் இடது கை நடுவிரலை மரம் அறுக்கும் வாளில் கொடுத்துவிட்டார். ஐந்து தையல். நான் பார்க்கப் போனபோது கையைத் துணிப் பந்து மாதிரிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"மகன், நீதான் எனக்கு ஒரு உதவி செய்யணும்" என்றார். "எங்கட குடும்பத்தில பொம்புளப் புள்ளைட கலியாணத்தில முதல் ஆட்டத்துக்குத் தகப்பன்தான் இந்தக் கிட்டார அடிக்கிற. எண்ட அப்பா எண்ட அக்காக்கு அடிச்சவர். ஷெரினும் சின்னதுல இருந்தே இந்தச் சத்தத்துக்குத்தான் ஆடுவன் எண்டு சொல்லுவாள். இப்ப எண்ட கையப் பாத்தியா?"

முதல் ஆட்டம் என்றால் கபிரிஞ்ஞா. பறங்கியர் கல்யாணத்தில் சோடி சோடியாக நின்று ஆடுவது. வயலின் மெட்டை இழுக்கும், கிட்டார் அதற்குக் கீழே தாளத்தை வெட்டி வெட்டிப் போடும். கீபோர்ட்டும் ஸ்பீக்கரும் பிறகுதான் வரலாம்.

"எண்ட மச்சான் பெனி வயலின் வாசிப்பான். நாலு கோர்ட்ஸ்தான். உனக்கு அது பெரிய விசயமில்ல" என்றார். எனக்கு அது மிகப் பெரிய விடயம். ஆனால் டோன் அறிஞன் எப்படி அதைச் சொல்வான்? "பாத்துக்கொள்ளுவம் அங்கிள்" என்று கையை விசுக்கினேன்.

அங்கிள் அலுமாரியைத் திறந்து கிட்டாரை எடுத்துத் தந்தார். தந்துவிட்டுப் பிடியை விடவில்லை.

"இதில ஒண்டையும் கழட்டாத. கம்பி அறுந்தா அறுந்த ஒண்ட மட்டும் மாத்து. தொடைக்கிறதெண்டா காஞ்ச சீலத்துண்டு போதும். விளங்குதா?"

"ஓம் அங்கிள்."

"ஒண்டையும்."

"ஓம் அங்கிள்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓட்டோவில் கொண்டுவந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். சூறாவளியாலும் சுனாமியாலும் செய்ய முடியாததை மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன் நான் செய்து முடித்தேன்.

முதலில் கம்பிகள். அங்கிளின் கிட்டாரில் இருந்தவை மங்கிய நிறத்தில், விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி மழமழவென்று இருந்தன. ஊரில் விற்கிற கம்பி பளபளவென்று இருக்கும், விரல் இழுத்தால் சரக் சரக் என்று அரவும். ஆகவே இவை தேய்ந்துபோன கம்பிகள் என்று அறிஞர் முடிவு செய்தார். (அது அந்த மாதிரிக் கிட்டாருக்கென்றே வருகிற கம்பி, அந்தச் சத்தத்தில் பாதி அதுதான் என்று பிறகு தெரிந்தது. பிறகு தெரிந்தவற்றின் பட்டியல் நீளமானது.) குறட்டை எடுத்து ஆறையும் வெட்டி எறிந்தேன். ஒன்றையும் கழட்டாதே என்றார் அல்லவா, நான் கழட்டவில்லை. வெட்டினேன்.

ஆறாவது கம்பி போனதும் 'டொக்' என்று ஒரு சத்தம். கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிற அந்தக் கருங்காலிக் கட்டை, வயலின்காரர் குதிரை என்பார்களே, அது கழன்று என் காலடியில் விழுந்து கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை. கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பசை இருந்த அடையாளமே இல்லை. கிட்டாரின் முகத்திலும் இல்லை. இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தச்சு வேலைக்காரர் ஒருவரின் வீட்டில், பசை வாளிக்கு நாலடி தள்ளி, அறுபது வருடமாக ஒரு கட்டை ஒட்டாமல் இருந்திருக்கிறது. அது ஏன் என்று ஒரு கேள்வி வர வேண்டுமா இல்லையா? எனக்கு வந்தது கேள்வி இல்லை, இரக்கம். பாவம் அங்கிள், இவ்வளவு காலமும் இந்தக் குறையோடு சமாளித்திருக்கிறார், கல்யாணப் பரிசாக நான் இதைத் திருத்திக் கொடுப்பேன் என்று நினைத்தேன்.

ஒட்டுவதற்கு முன் சுத்தப்படுத்த வேண்டும். மரத்துக்கு எலுமிச்சை எண்ணெய் பூசச் சொல்லி வீடியோவில் பார்த்திருந்தேன். டவுனில் மூன்று கடையில் கேட்டேன், அப்படி ஒரு சாமானை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதனால் என்ன? எலுமிச்சை, எண்ணெய். இரண்டும் எங்கள் குசினியில் இருந்தன. தேசிக்காய் இரண்டை வெட்டித் தேங்காய் எண்ணெய்க்குள் பிழிந்து கலக்கினேன்.

அக்கா உப்பு வாங்க வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன தம்பி செய்யிறாய்? ஊறுகாயா?"

"உனக்கு விளங்காது. இது மரத்துக்கு."

"மரத்துக்குத் தேசிக்காய்ப் புளியா?"

"டோனுக்கு நல்லம்."

"அப்ப கொஞ்சம் உப்பும் போடு. கெட்டுப் போகாது" என்றுவிட்டு உப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் தேய்த்தேன். கிட்டாரின் முகத்தில், குதிரை இருந்த இடத்தின் இரண்டு ஓரத்திலும், ஊசி முனை அளவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அழுக்கு என்று நினைத்துக் கூடுதலாகத் தேய்த்தேன். லேசில் போகவில்லை. இன்னும் கொஞ்சம் புளி விட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. அந்தப் புள்ளிகள் குதிரையின் இடத்துக்கு அங்கிளின் தகப்பனார் அறுபது வருடத்துக்கு முன் கூர் பென்சிலால் வைத்த அடையாளம். குதிரை அதில் இருந்து ஒரு நூல் தள்ளினாலும் சுருதி ஓடிவிடும்.

அடையாளம் இல்லாத இடத்தில் குதிரையை எங்கே வைப்பது? இருந்த இடத்தில் வைத்தால் கொஞ்சம் பின்னுக்குப் போன மாதிரித் தெரிந்தது. நடுவில் வைத்தால் வடிவாக இருந்தது. வடிவைப் பார்த்து ஒரு விரல் அகலம் முன்னுக்கு, கிட்டாரின் கழுத்துப் பக்கமாகத் தள்ளி வைத்து, மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசி அழுத்தினேன். பாரம் வைக்க வேண்டுமே. மேடான முகத்தில் செங்கல் நிற்காது. குசினியில் ஐந்து கிலோ கீரிச்சம்பா அரிசிப் பை ஒன்று இருந்தது. அதைத் தூக்கி வைத்தால், அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த வளைவுக்குள் போய்ப் படிந்தது. அந்த நேரத்தில் எனக்கு என் மேல் வந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் தலையைச் சுவரில் முட்ட வேண்டும் போலிருக்கிறது.

பகல் சமையலுக்கு அம்மா அரிசி எடுக்க வந்தார்.

"அதில கை வைக்காதீங்க. கிட்டார் காயுது" என்றேன்.

"எத்தின நாளைக்கு?"

"ரெண்டு நாள்."

இரண்டு நாள் எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பதிலாகக் கடைப் பாண் சாப்பிட்டோம். கலைக்காகக் குடும்பத்தைப் பட்டினி போட்டவர்கள் இருக்கிறார்கள். பிழையான இடத்தில் ஒரு கட்டையை ஒட்டுவதற்காகப் போட்டவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை புதுக் கம்பி கட்டிச் சுருதி சேர்த்தேன். வெறுங் கம்பிகளைத் தட்டினால் சரியாக இருந்தது. கழுத்தில் விரல் வைத்ததும் சத்தம் ஏதோ புளித்தது. மேலே போகப் போக இன்னும் புளித்தது. விரல் வைத்த இடத்தைச் சரிப்படுத்திச் சுருதியை மாற்றினால் வெறுங் கம்பிகள் ஒப்பாரி வைத்தன. செவ்வாய்க்கிழமை முழுக்கத் திருகினேன். ஒரு சாதாரண மடையனாக இருந்தால் இந்த இடத்தில் பயந்துபோய் அங்கிளிடம் ஓடியிருப்பான், எல்லாம் தப்பியிருக்கும். நான் படித்த மடையன். புதன்கிழமை எனக்கு ஞானம் பிறந்தது. இது பழைய கிட்டார். பழைய கிட்டார் என்றால் கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும். இதைத்தானே அந்த வெள்ளைக்காரர்கள் விண்டேஜ் டோன் என்கிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். அப்படி வாசித்தால் நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணம் வந்தது. கோயிலில் இருந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நான் கறுப்புக் கோட் போட்டிருந்தேன். மாப்பிள்ளை கூட என் அளவுக்கு உடுத்தியிருக்கவில்லை. மேடையின் ஓரத்தில் ஒரு தம்பி கீபோர்ட் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தான். அவனிடம் போய், "இது சும்மா கல்குலேட்டர் தம்பி. உண்மையான சத்தம் எண்டா என்னெண்டு இப்ப கேள்" என்றேன். அவன் கேட்காமலே சொன்னேன்.

ஷெரின் வெள்ளைக் கவுனோடு நடுவில் வந்து நின்றாள். மாப்பிள்ளையும் இன்னும் மூன்று சோடியும் வரிசையில் நின்றார்கள். அங்கிள் சூட் போட்டு, கட்டுப் போட்ட கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முன் வரிசையில் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். பெனி அங்கிள், எழுபது வயது, சிரிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர், வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வயலின் இழுத்தது. நான் அடித்தேன்.

இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு வேறு வேறு பக்கம் போயின. முதல் சோடி காலைத் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். பெனி அங்கிள் வில்லை எடுத்துவிட்டு என் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லிக் கேட்டார். வெறுங் கம்பி, சரியாக இருந்தது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே கதி. யாரோ பின்னால் சிரித்தார்கள். மூன்றாம் தரம் அவர் வயலினை மடியில் இறக்கிவிட்டார்.

"என்ன தம்பி இது? ரெண்டு பேர் ரெண்டு வீட்டில இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

"விண்டேஜ் டோன் அங்கிள்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். முந்நூறு பேருக்கு முன்னால்.

கீபோர்ட் தம்பி எழும்பி, மிகவும் மரியாதையாக, "அண்ணன், நான் கொஞ்சம் கை குடுக்கவா?" என்று கேட்டான். அதற்குள் ஷெரினின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தகப்பனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளை மறுநாள் பிளைட். இந்தச் சத்தத்துக்கு இந்த ஆட்டத்தை அவள் இனி எப்போது ஆடுவது? எனக்கு அந்த இடத்தில்தான் முதல் தரம் பயம் வந்தது.

அல்பிரட் அங்கிள் எழும்பி வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. குனிந்து கிட்டாரைப் பார்த்தார்.

"ஓ, குதிர கொஞ்சம் முன்னுக்கு வந்திரிக்கு. ஓட்டோ குலுக்கினதாக்கும். பயப்பிடாத, ஒரு நிமிசம்" என்று சொல்லி, வலது கைப் பெருவிரலைக் குதிரையின் காலில் வைத்துப் பின்னுக்குத் தள்ளினார்.

அது அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். அசையவில்லை. அங்கிள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மூக்கைக் கிட்டாருக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். என்ன மணந்தது என்று எனக்குத் தெரியும்.

"ஒட்டினியா?"

"ஓம் அங்கிள்."

"எதால?"

"வெள்ளப் பசை."

"எவ்வளவு நேரம் காய வைச்ச?"

"ரெண்டு நாள்."

"பாரம் வைச்சியா?"

"அரிசிப் பை. அஞ்சு கிலோ."

அங்கிள் தலையை ஆட்டினார். அது ஒரு தச்சு வேலைக்காரர் இன்னொருவரின் வேலையைப் பார்த்து ஆட்டுகிற ஆட்டல். "நல்லா ஒட்டியிரிக்காய்" என்றார்.

அவர் என்னை அடித்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன். (குதிரையை யாரும் ஒட்டுவதில்லையாம். கம்பிகளின் இழுவையிலேயே அது நிற்குமாம். ஒரு பெருவிரலால் தள்ளி ஒரு நிமிடத்தில் சரிப்படுத்துவதற்காகவே அதை அப்படி வைத்திருக்கிறார்களாம். சிலர் இதில் இருந்து உறவுகளைப் பற்றி ஏதாவது தத்துவம் எடுப்பார்கள். எடுக்கட்டும். எனக்கு விளங்கிய ஒரே தத்துவம், சொன்ன சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான்.)

"கீபோர்ட்ல போடுவமா?" என்று பெனி அங்கிள் கேட்டார்.

"இல்ல" என்றார் அல்பிரட் அங்கிள். "மகள் இதுக்குத்தான் ஆடுவாள்." என் பக்கம் திரும்பினார். "இடது கைய எல்லாக் கம்பியிலயும் பரத்தி வை. அமத்தாத. சும்மா தொட்டுக்கொண்டிரு. வலது கையால மட்டும் அடி."

அடித்தேன். கம்பி ஒன்றும் பாடவில்லை. 'சக்' என்று மரத்தின் சத்தம் மட்டும் வந்தது.

"அதுதான். அப்பிடியே அடி."

"அப்ப சுருதி, அங்கிள்?"

"சுருதிய பெனி பாத்துக்கொள்ளுவான். நீ தாளத்தப் பார். சுருதியத் தொடாத."

பெனி அங்கிள் வயலினைத் தூக்கினார். நான் ஒரு கையால் ஆறு கம்பியின் வாயையும் பொத்திக்கொண்டு மற்றக் கையால் அடித்தேன். சக், சக்க, சக். அவ்வளவு அநியாயம் செய்த பிறகும் அந்தப் பெட்டி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சத்தம் காய்ந்து, கூராக, அடித்த உடனே மண்டபத்தின் கடைசிக் கதிரைக்குப் போய்ச் சேர்ந்தது. வயலின் அதன் மேல் ஏறிக்கொண்டது. ஷெரின் கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அங்கிள் கட்டுப் போட்ட கையைத் தொடையில் வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கண் மகளில் இருந்தது. கை மட்டும் அவர் வாசிக்க வேண்டிய கோர்ட்ஸை ஒவ்வொன்றாகப் பிடிக்கப் பார்த்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்த ஆட்டத்தில் அவர் கேட்டிருக்க வேண்டிய சத்தத்தை நான் பறித்துவிட்டேன் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

நாற்பது நிமிடம் அப்படியே அடித்தேன். என் வாழ்நாளில் நான் வாசித்ததில் மிகச் சிறந்தது, கம்பி ஒன்றுகூட ஒலிக்காத அந்த நாற்பது நிமிடம்தான். இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. அன்று கேட்ட எல்லோருடைய கருத்தும் அதுவே.

ஆட்டம் முடிந்து ஷெரின் வியர்த்துப்போய் என்னிடம் வந்தாள்.

"அண்ணன், தாங்ஸ். நல்லா ஆட ஏலுமாயிருந்திச்சு" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாப்பிள்ள வீட்டாக்கள் நீங்க ரபான் மேளம் அடிக்கிற ஆள் எண்டு நினைச்சிற்றாங்க. அடுத்த மாசம் அவங்கட வீட்டில ஞானஸ்நானம் ஒண்டு இரிக்காம், வருவீங்களா எண்டு கேக்காங்க."

அடுத்த கிழமை அங்கிள் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. சூடான ஈரத் துணியைக் குதிரையின் காலில் வைத்து வைத்து, பிளேடு போன்ற ஒரு மெல்லிய தகட்டை மயிரிழை மயிரிழையாக உள்ளே விட்டு, இரண்டு பின்னேரம் வேலை செய்தார். என் வேலை சுடுதண்ணீர் கொண்டுவருவது. அதிலும் ஒரு தரம் காலில் ஊற்றிக்கொண்டேன். கடைசியில் குதிரை வந்தது. அதோடு கொஞ்சம் வார்னிஷும் வந்தது. தேன் நிறத்தின் நடுவில் இரண்டு வெளுத்த காலடிகள். அறுபது வருடமாக ஒரு கீறல் விழாத முகம்.

வழுவழுப்பான அந்தக் கம்பி இங்கே எங்கேயும் கிடைக்கவில்லை. ஷெரின் இத்தாலியில் தேடிப் பிடித்து அனுப்ப மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த வீட்டில் சத்தம் இல்லை. நான் போவதை நிறுத்தவில்லை. போய் உட்கார்ந்து அந்தச் சத்தம் இல்லாததைக் கேட்டுவிட்டு வந்தேன். டோன் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் பாவித்ததில்லை.

கம்பி வந்த அன்று அங்கிள் கட்டினார். விரல் ஆறியிருந்தது, ஆனால் முழுதாக மடியவில்லை. குதிரையைப் பெருவிரலால் இப்படியும் அப்படியும் தள்ளி, காதை வைத்து வைத்து இடத்தைப் பிடித்தார். பிறகு முழுக் கையையும் வீசி ஒரு தரம் அடித்தார். அதே சத்தம். வந்து நின்று, சொல்லிவிட்டு, நிறுத்திக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி அங்கிள் அந்த வெளுத்த காலடிகளைத் தடவினார்.

"அந்தக் கறுப்புப் புள்ளி எப்பிடியும் மங்கிக்கொண்டுதான் போனது" என்றார். "இனிப் பிரச்சினை இல்ல. நீ வைச்ச இடத்தில இருந்து ஒரு விரல் பின்னுக்கு. எனக்குப் பொறவு வாறவனும் பிழை விட மாட்டான்."

அந்த இடத்துக்கு இப்போது என் பெயர். புதிதாக யார் வந்தாலும் அங்கிள் கிட்டாரைத் திருப்பிக் காட்டி, என் பெயரைச் சொல்லி, அதில் இருந்து ஒரு விரல் பின்னுக்கு என்று அளந்து காட்டுகிறாராம். பிறகு நான் கட்டிய, அந்தக் கல்யாணத்துக்கு வராத என் மனைவி, வந்தவர்களை விட நன்றாக அந்தக் கதையைச் சொல்வாள். எங்கள் வீட்டில் கதவுப் பிடி ஆடினாலும் கதிரைக் கால் ஆடினாலும் ஆள் பிடித்துத்தான் செய்விப்பாள். ஆள் வந்து போகும் வரை எனக்குத் தெரியாது.

போன கிழமை என் மகளுக்கு முன் பல் ஆடத் தொடங்கியது. ஆறு வயது, முதல் பல். நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே தாயும் மகளும் குசுகுசுவென்று கதைப்பது கேட்டது. நான் எட்டிப் பார்த்ததும் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மகள், காட்டுங்க பாப்பம்" என்றேன்.

அவள் பொத்திய கையை எடுக்காமலே தாயைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, அரிசிப் பைய ஒளிச்சு வைங்க."